பேப்பர் இல்லா அலுவலகமா? ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கும் போது நமக்குச் சொல்லப்படும் முதல் நன்மைகளில் ஒன்று, "இனி பேப்பரே தேவைப்படாது" என்பது. அலுவலகங்களும் இதையேதான் சொல்கின்றன. எல்லா ஆவணங்களும் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டால் மரம் பிழைக்கும், குப்பை குறையும், சுற்றுச்சூழல் காப்பாற்றப்படும் என்று அறிவிக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுவடை நேரத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஏதாவது ஒரு தாலுகா அலுவலகத்தின் எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கம்ப்யூட்டர் வந்த பின்னர் பேப்பர் குறைந்ததா, கூடியதா என்று நீங்களே கேட்பீர்கள்.

கம்ப்யூட்டர் வந்ததில் தவறில்லை. ஆவணங்களைக் கையாளும் பழக்கம் மட்டும் மாறவில்லை. கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டால் மட்டும் ஓர் அலுவலகம் பசுமையாகிவிடாது. எந்த ஆவணம் எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு, எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்து, அதன்படி நடக்கும் அலுவலகம்தான் பசுமையானது. இதனைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு சிட்டா, எத்தனை காப்பி?

டெல்டா மாவட்ட விவசாயி ஒருவரை எடுத்துக் கொள்வோம். பயிர்க்கடனுக்காகத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திற்குச் செல்கிறார். பயிர்க் காப்பீடு செய்ய வேண்டும். அறுவடை முடிந்ததும் நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விற்க வேண்டும். மூன்று இடங்களிலும் அநேகமாக அதே ஆவணங்கள்தான் கேட்கப்படுகின்றன: சிட்டா, அடங்கல், ஆதார் அட்டை, வங்கிப் பாஸ் புத்தகத்தின் முதல் பக்கம்.

ஓர் உத்தேசக் கணக்குப் போடுவோம். ஆவணத்திற்கு ஒரு தாள் என்று வைத்தாலும் மூன்று இடங்களுக்கு 12 தாள்கள். 500 விவசாயிகள் உள்ள ஊரில் ஒரு போகத்திற்கு 6,000 தாள்கள், அதாவது 500 தாள் கட்டு 12. வழக்கமான 75 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் கட்டு ஒன்று ஏறத்தாழ 2.3 கிலோ எடை. ஆக, ஒரு கிராமத்தில் ஒரு போகத்திற்கு மட்டும் 28 கிலோ பேப்பர். குறுவை, சம்பா, தாளடி என்று சேர்த்து, டெல்டாவில் உள்ள கிராமங்களையும் எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நில விவரங்கள் ஏற்கனவே அரசின் சர்வரில்தான் இருக்கின்றன. நில ஆவணங்களுக்கான தமிழக அரசின் இணைய தளத்தில் பட்டா, சிட்டா விவரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பட்டா நகலில் உள்ள குறிப்பு எண்ணைக் கொடுத்து, அது உண்மையானதா என்று சோதித்துப் பார்க்கும் வசதியும் அங்கேயே உள்ளது. அப்படியிருக்க, கம்ப்யூட்டரில் பிறந்த ஆவணம் பிரின்ட் ஆகி, ஜெராக்ஸ் ஆகி, இன்னோர் அலுவலகத்தில் ஸ்கேன் செய்யப்பட்டு மீண்டும் கம்ப்யூட்டருக்குள்ளேயே போகிறது. முதலில் சிறிய பைலாக இருந்தது, ஸ்கேன் ஆன பிறகு அதைவிடப் பல மடங்கு பெரிய படமாகிவிடுகிறது. அந்தப் படத்தில் ஒரு சர்வே எண்ணைத் தேடினால் கிடைக்காது. பேப்பரும் போனது, ஹார்ட் டிஸ்க் இடமும் போனது, விவசாயிக்கு அரை நாள் வேலையும் போனது.

பேப்பரும் காவிரித் தண்ணீர்தான்

பேப்பர் எங்கோ காட்டில் இருந்து வருகிறது என்று நினைக்க வேண்டாம். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், காவிரிப் பகுதியிலேயே தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனத்தின் ஆலை உள்ளது. 1979ல் அரசால் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 1984 முதல் பேப்பர் தயாரித்து வருகிறது. கரும்பைப் பிழிந்த பின் மிஞ்சும் சக்கையை முக்கிய மூலப்பொருளாக எடுத்துக் கொண்டது இதன் சிறப்பு. மரம் வெட்டுவது குறைகிறது என்ற வகையில் இது பாராட்டுக்குரியது. ஆனால் சக்கையில் இருந்து செய்தாலும் மரத்தில் இருந்து செய்தாலும் பேப்பர் கூழுக்குத் தண்ணீர் வேண்டும். கொதிக்க வைக்கவும் காய வைக்கவும் எரிசக்தி வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்குமா, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் மக்களுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

மெயிலை அழித்தால் தண்ணீர் மிச்சமாகுமா?

பேப்பரை விட்டு டிஜிட்டலுக்கு வந்தால், அங்கேயும் செலவு இல்லாமல் இல்லை. நாம் அனுப்பும் பைல்கள் காற்றில் மிதப்பதில்லை. "கிளவுட்" என்று சொல்லப்படுவது, டேட்டா சென்டர் எனப்படும் பெரிய கட்டிடங்களில் இரவும் பகலும் ஓடும் கம்ப்யூட்டர்கள்தான். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024ல் உலகின் மொத்த மின்சாரப் பயன்பாட்டில் சுமார் 1.5 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போனது. இவற்றைக் குளிர்விக்கத் தண்ணீரும் செலவாகிறது.

இதை வைத்து 2025 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஓர் அறிவுரை வந்தது. அங்கே வறட்சி. தண்ணீரை மிச்சப்படுத்தப் பழைய இமெயில்களையும் போட்டோக்களையும் அழித்துவிடுங்கள் என்று அரசின் வறட்சிக் குழு மக்களைக் கேட்டுக் கொண்டது. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் பலர் இதைக் கேலி செய்தனர். ஏன் என்று பார்ப்போம்.

1,000 ஜி.பி. கொள்ளளவுள்ள ஹார்ட் டிஸ்க் ஒன்று ஓடும் போது சுமார் 6 வாட் மின்சாரம் எடுக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடினால் சுமார் 53 யூனிட். இதில் ஒரு ஜி.பி.யின் பங்கு 0.05 யூனிட். நீங்கள் ஒரு ஜி.பி. மெயிலை அழித்தால் இதுகூட முழுதாக மிச்சமாகாது. ஏனென்றால் டிஸ்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அது ஓடிக் கொண்டுதான் இருக்கும்.

இப்போது இன்னொரு கணக்கு. அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்கு மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, சி.பி.யு.வை அப்படியே விட்டுச் செல்வது பல இடங்களில் வழக்கம். சும்மா இருக்கும் போது அது 50 வாட் எடுத்தால், காலை ஒன்பது மணி வரை 15 மணி நேரத்தில் முக்கால் யூனிட். 300 இரவுகளுக்கு 225 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியாகிறது. ஆக, ஒரே கம்ப்யூட்டரால் ஆண்டுக்கு ஏறத்தாழ 160 கிலோ! ஒரு ஜி.பி. மெயிலை ஓராண்டு வைத்திருப்பதும், அலுவலகக் கம்ப்யூட்டரை ஒரு மணி நேரம் வீணாக ஓட விடுவதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

எனவே "டெலீட்" பட்டனைத் தட்டிவிட்டுப் பூமியைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். அப்படியானால் பைல்களை ஒழுங்குபடுத்துவதே வீண் வேலையா என்று கேட்கலாம். இல்லை. குவிந்து கிடக்கும் பைல்களின் உண்மையான செலவு வேறு இடங்களில் இருக்கிறது. தேடிக் கிடைக்காத பைல் மீண்டும் பிரின்ட் எடுக்கப்படுகிறது. மீண்டும் ஸ்கேன் செய்யப்படுகிறது. ஹார்ட் டிஸ்க் நிறைந்து கம்ப்யூட்டர் மெதுவானதும், "சிஸ்டம் பழசாகிவிட்டது" என்று புதியது வாங்கப்படுகிறது. இந்தக் கடைசிச் செலவுதான் மிகப் பெரியது. லேப்டாப், ஸ்மார்ட்போன் போன்ற சாதனங்களால் ஏற்படும் பாதிப்பில் பெரும் பங்கு, நீங்கள் அதன் பெட்டியைப் பிரிப்பதற்கு முன், தொழிற்சாலையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. 2022ல் உலகம் வெளியே தள்ளிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் மட்டுமே.

தஞ்சாவூரிலேயே பாடம் இருக்கிறது

ஆவணங்களை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்கு வெளிநாட்டுப் புத்தகங்களைத் தேட வேண்டியதில்லை. 1010ல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய கோயிலின் சுவர்களில் ராஜராஜன் காலக் கொடைகளும் நில அளவுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. நில அளவு நுண்ணிய பின்னம் வரை இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து நிர்வாகம் எல்லாவற்றையும் கல்லில் வெட்டவில்லை. அன்றாட எழுத்து ஓலையில் நடந்தது. நிலைத்திருக்க வேண்டியது மட்டும் கல்லுக்குப் போனது. எது எத்தனை காலம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கேற்ற பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாமோ டீ வாங்கிய பில்லையும் நிலப் பத்திரத்தையும் ஒரே போல்டரில் வைக்கிறோம்.

அடுத்து சரஸ்வதி மகால் நூலகம். நாயக்கர் காலத்தில் தொடங்கி, இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் பெரிதாக வளர்ந்தது இது. பல்லாயிரம் சுவடிகள் அங்கே பிழைத்திருக்கின்றன. வசம்பு, கிராம்பு, மிளகு, கற்பூரம் போன்றவற்றைப் பொடித்துத் துணியில் கட்டிச் சுவடிகளுக்கிடையே வைத்துப் பூச்சிகளை விரட்டினார்கள். அதைப் போலவே முக்கியமானது பட்டியல். அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு ஏ.சி. பர்னெல் தயாரித்த வகைப்படுத்திய பட்டியல் 1880ல் அச்சானது. என்ன இருக்கிறது என்று தெரிந்ததால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் தெரிந்தது.

பட்டியல் இல்லாத வீடுகளில் என்ன நடந்தது? பாபநாசம் அருகே உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவர். ஆடிப் பதினெட்டில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட கதைகளை அவர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரியாததால் எல்லாம் ஒன்றாகப் போயின. இன்று கம்ப்யூட்டரை பார்மட் செய்யும் போது பல அலுவலகங்களில் நடப்பதும் இதேதான். ஒன்று, எல்லாவற்றையும் குவித்து வைக்கிறோம். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொலைக்கிறோம்.

தஞ்சாவூர் மராட்டிய மன்னர் காலத்து அலுவல் ஆவணங்கள் மோடி என்ற எழுத்தில் உள்ளன. தாள் இருக்கிறது, மை இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். நம் அலுவலகங்களிலும் ஒரு மோடி எழுத்து உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன் பலவிதமான தமிழ் பாண்ட்களில் டைப் செய்து வைத்த பைல்கள்தான் அவை. 2010ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனால் பழைய பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அந்த பைல்களைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். உடனே மீண்டும் டைப், மீண்டும் பிரின்ட். இவற்றை ஒரு முறை யூனிகோடிற்கு மாற்றி வைத்துவிட்டால் இந்த வீண்வேலை நிற்கும். பாண்ட் மாற்றித் தரும் இலவச புரோகிராம்கள் கிடைக்கின்றன.

பேப்பர் பைலுக்கு ஆயுள் இருந்தது!

அரசு அலுவலகக் கடிதங்களைக் கவனித்திருக்கிறீர்களா? எண்ணுக்கு முன்னால் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று இருக்கும். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று அந்தக் கோப்பை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கான குறி அது. காலம் முடிந்ததும் கோப்பு கழிக்கப்படும். ஆங்கிலேயர் காலத்தில் இருந்து வரும் நல்ல ஏற்பாடு இது. பேப்பர் கோப்புக்கு இருந்த இந்த ஆயுள் குறியை, கம்ப்யூட்டர் பைலுக்குப் பெரும்பாலான அலுவலகங்கள் போடுவதில்லை. இடம்தான் இருக்கிறதே என்ற அலட்சியமே காரணம்.

கூட்டுறவுச் சங்கமோ, அரிசி ஆலையோ, பள்ளியோ, ஊராட்சி அலுவலகமோ, கீழ்க்கண்டவற்றைச் செய்தாலே போதும் என்பது என் கருத்து.

1. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என நான்கு போல்டர்கள் உருவாக்குங்கள். எந்த வகை ஆவணம் எதில் போகும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை காலம் முடிந்தவற்றைக் கழித்திடுங்கள்.

2. ஓர் ஆவணத்திற்கு ஓர் அசல் பைல். அதற்கு வேறு இடத்தில் ஒரு பேக்கப். டெஸ்க்டாப், பென் டிரைவ், மூன்று பேரின் வாட்ஸ்அப் என்று சிதற விட வேண்டாம்.

3. சாதாரணக் கடிதங்களை 300 டி.பி.ஐ. அளவில் கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் போதும். அதே தாளை 600 டி.பி.ஐ. வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்குவதற்கு முன்னால் பைல் பல மடங்கு பெரிதாகிறது.

4. மாலையில் கம்ப்யூட்டரை ஷட்டௌன் செய்துவிட்டுச் செல்லுங்கள்.

5. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடும் முன் யோசியுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்ததும் நன்றாக ஓடும் பல கம்ப்யூட்டர்கள் ஓரங்கட்டப்பட்டன. ராம் கூட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்கிற்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் பதிந்தால் கடிதம், கணக்கு, இமெயில் வேலைகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் வரும்.

6. உண்மையிலேயே பழுதானதை, மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போடுவதோ, வயலோரத்தில் வயரை எரித்துச் செம்பு எடுப்பதோ கூடாது. யு.பி.எஸ். பேட்டரியில் ஈயம் உள்ளது. அது கலந்த மண்ணில்தான் நாளை நாற்று நட வேண்டும். கொடுக்கும் முன் டிஸ்க்கை முழுதாகத் துடைத்திடவும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் பைல் போய்விடாது. அதை மீட்டெடுக்க முடியும்.

கடைசியில் சொன்னது மரியாதை சார்ந்த விஷயமும்கூட. நூற்றுக்கணக்கான விவசாயிகளின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் ஓர் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஆண்டுக்கணக்கில் கிடப்பது யாருக்கும் நல்லதல்ல. தேவை முடிந்ததும் தனிநபர் விவரங்களை அழித்திட வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன.

"ஆடிட்டில் கேட்பார்களே?"

இதையெல்லாம் சொன்னால் அலுவலகங்களில் வரும் பதில், "தணிக்கையில் பேப்பர் கேட்பார்கள்" என்பது. நியாயமான பயம்தான். ஆனால் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே மின்னணு ஆவணத்தை ஏற்கிறது. 2015ல் வந்த டிஜிலாக்கரில் அரசுத் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமமானவை. சட்டம் ஏற்றுக் கொண்டதை மேலதிகாரி ஒரு சுற்றறிக்கையாகத் தந்தால், கீழே இருப்பவர் தைரியமாக ஜெராக்ஸைத் தவிர்ப்பார். இந்தச் சுற்றறிக்கைதான் இப்போது தேவை.

இன்னொரு பதில், "கரன்ட் போனால் என்ன செய்வது?" இதையும் ஒதுக்கிவிட முடியாது. 2018 நவம்பர் 16ல் கஜா புயல் கரை கடந்த பின் டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. எனவேதான் பேப்பரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிரந்தர ஆவணங்களுக்கு ஒரு நல்ல பேப்பர் நகலும், வெளியூரில் ஒரு பேக்கப்பும் இருக்கட்டும். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

வீட்டில் நீங்கள் செய்யலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உள்ளது. உங்கள் ஹார்ட் டிஸ்க் இன்னும் காலியாக இருக்கிறது. மேலே சொன்ன நான்கு போல்டர்களை இன்றே உருவாக்கிடுங்கள். மின் கட்டண ரசீது ஓராண்டு போல்டரில். டிவி, பிரிட்ஜ் வாரண்டி மூன்றாண்டில். வரி, கடன் விவரங்கள் பத்தாண்டில். பத்திரம், பட்டா, பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் நிரந்தரத்தில். பைலுக்குப் பெயர் தரும் போது "ஸ்கேன்001" என்று விடாமல், "2025 பட்டா மேலத்தெரு நிலம்" என்பது போலக் கொடுங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்தும் நொடியில் கிடைக்கும்.

அடுத்த முறை ஓர் அலுவலகத்தில் ஜெராக்ஸ் கேட்டால், "இணையத்திலேயே சரிபார்க்கலாமே, குறிப்பு எண் தரட்டுமா?" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். முதலில் மறுப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார்கள். நூறு பேர் கேட்டால் அந்தச் சுற்றறிக்கை வந்து சேரும்.